மூன்று தகடுகள்: காட்பாடி–கூடூர் பாதையில் ஒரு குவாண்டம் வரலாறு

காட்பாடியில் பிரியும் ஒரு ரயில் பாதை சித்தூர், பாகாலா, சந்திரகிரி, திருப்பதி, ரேணிகுண்டா, ஏர்ப்பேடு, காளஹஸ்தி, வெங்கடகிரி என்று ஊர் ஊராகத் தொட்டுக் கூடூரில் போய்ச் சேர்கிறது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மலையேறப் போகிற கூட்டம் திருப்பதியில் இறங்கிவிடும்; அதற்கப்பால் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். நான் சொல்ல வருவது அந்தக் கடைசி ஊரில், மண்ணுக்குள் தொடங்குகிறது.

கூடூர் மைக்காவுக்குப் பேர்போன ஊர். கிராமத்தில் காக்காப்பொன் என்பார்கள், சித்த மருத்துவர்கள் அப்பிரகம் என்பார்கள். கூடூர் வட்டாரத்துச் சுரங்கங்களில் வெட்டியெடுத்தது நெல்லூர் மைக்கா என்ற பெயரில் கப்பலேறியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வானொலிக் கருவிகளின் மின்தேக்கிகளுக்கு வேண்டும் என்பதால் மைக்காவைப் போர்த்தளவாடம் போலவே நாடுகள் தேடி வாங்கின. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது கூடூர் நெல்லூரிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது.

பழைய அயர்ன் பாக்ஸைக் கழற்றினால் உள்ளே கம்பிப் பட்டை சுற்றிய மைக்காத் தகடு இருக்கும். எலெக்ட்ரிக் கடையில் கழித்துப் போட்ட எலிமெண்ட் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, ஓரத்தைக் குண்டூசி முனையால் கீறிப் பார்த்தேன். ஏடு ஏடாகப் பிரிந்துகொண்டே வந்தது. வெங்காயச் சருகைவிட மெல்லிய ஏடு, கண்ணாடி போலத் தெளிவு. போலராய்டு வில்லைகள் இரண்டைக் குறுக்குமறுக்காகப் பிடித்தால் ஒளி அடைபட்டு இருட்டாகும். இது பிளஸ் டூ மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். அந்த இருட்டுக்கு நடுவே மைக்கா ஏட்டை நுழைத்து மெல்லத் திருப்பினேன். ஒரு கோணத்தில் எதுவும் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்ப, அடைத்த கதவு திறந்த மாதிரி வெளிச்சம் வந்தது. 45 டிகிரியில் அது உச்சம்.

ஒளி அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைத்தான் நம் பாடநூல்கள் தளவிளைவு என்கின்றன. மைக்கா ஏட்டுக்குள் இரண்டு திசைகள் உண்டு. ஒரு திசையில் அதிரும் ஒளி மற்றதைவிடச் சற்று மெதுவாகப் போகும். வெளியே வரும்போது இரண்டுக்கும் இடையே ஒரு பின்தங்கல் விழுந்திருக்கும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு ஏட்டின் கனம் கிட்டத்தட்ட 0.03 மில்லிமீட்டராக இருந்தால் அந்தப் பின்தங்கல் சரியாகக் கால் அலை. அதுதான் கால் அலைத் தகடு. கனத்தை இரட்டித்தால் அரை அலைத் தகடு. இன்றைய ஆய்வகங்களில் இவற்றைப் பெரும்பாலும் குவார்ட்சில் வெட்டுகிறார்கள். முந்தைய தலைமுறை மைக்காவை உரித்துச் செய்துகொண்டது.

குவாண்டம் தொழில்நுட்பம் பற்றிப் பேச வந்துவிட்டு அயர்ன் பாக்ஸைப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஒரு ஃபோட்டானின் தளவிளைவு என்பது ஒரு க்யூபிட். கிடைமட்டம் என்றால் 0, செங்குத்து என்றால் 1. இரண்டும் கலந்த நிலைகள் எண்ணற்றவை. அவை அனைத்தையும் ஒரு கோளத்தின் பரப்பில் புள்ளிகளாகக் குறிக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சுக் கணித மேதை புவான்கரே காட்டினார். வடதுருவத்தில் வலச்சுழல் ஒளி, தென்துருவத்தில் இடச்சுழல் ஒளி, நடுக்கோட்டில் நேர்கோட்டு அதிர்வுகள். குவாண்டம் கணினிப் புத்தகத்தைத் திறந்தவுடன் க்யூபிட்டுக்கு ஒரு கோளம் வரைந்திருப்பார்களே, அதுவும் இதுவும் கணிதத்தில் ஒன்றே. ஆகவே, ஃபோட்டானை வைத்துக் குவாண்டம் வேலை செய்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கோளத்தில் எந்தப் புள்ளியில் இருக்கும் ஒளியையும் நான் விரும்பும் வேறெந்தப் புள்ளிக்கும் கொண்டுபோக, அதாவது கோளத்தையே விரும்பியபடி சுழற்ற, என் மேசையில் என்னென்ன இருக்க வேண்டும்?

இதற்கு முழுமையான விடையைச் சொன்னவர்கள் இரண்டு இந்தியர்கள். ராஜையா சைமன், என். முகுந்தா. 1989இல் எத்தகைய சுழற்சியையும் தரவல்ல ஒரு தகட்டு அமைப்பை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அதைக் குறைந்தபட்ச வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கால் அலைத் தகடு இரண்டு, அரை அலைத் தகடு ஒன்று. மூன்றையும் ஒரே அச்சில் நிறுத்தி ஒவ்வொன்றையும் வேண்டிய கோணத்துக்குத் திருப்பினால் போதும். எட்ட முடியாத சுழற்சி எதுவுமில்லை. எந்த வரிசையில் நிறுத்தினாலும் பலன் மாறாது. ஒரு கோளத்தின் சுழற்சியைக் குறிக்க மூன்று எண்கள் வேண்டும், நம் கையில் இருப்பதும் மூன்று கோணங்கள். இரண்டு தகடுகளில் இது முடியாது, நான்காவது தகடு தேவையில்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒளியிழை ஆய்வகங்களில் மூன்று வளையங்களாக இழையைச் சுற்றி, காதுகள் மாதிரி அசைத்து அசைத்துத் தளவிளைவைச் சரிசெய்யும் கருவி 1980 வாக்கிலேயே வந்துவிட்டது. கைப்பழக்கத்தில் அது வேலை செய்தது. எந்த நிலைக்கும் போய்ச் சேரலாம் என்பதற்கு நிரூபணமும், எந்தக் கோணம் வைத்தால் எங்கே போகும் என்பதற்குச் சூத்திரமும் தந்தது சைமன்–முகுந்தா கட்டுரை. இந்த வேறுபாடு சின்னது என்று நான் நினைக்கவில்லை. கணினி சொல்லும் கோணத்துக்கு மோட்டார் தானாகத் தகட்டைத் திருப்பும் இன்றைய ஆய்வகத்துக்கு அந்தச் சூத்திரம் இல்லாமல் ஒரு நாள்கூடப் போகாது. வியன்னாவிலோ ஹெஃபெயிலோ பெங்களூரிலோ ஃபோட்டான் க்யூபிட்டோடு வேலை செய்யும் மேசையைப் பார்த்தால், வட்டச் சட்டத்துக்குள் பொருத்திய தகடுகள் மும்மூன்றாக நிற்கும். சைமன்–முகுந்தா என்ற பெயரிலேயே அந்த அமைப்பைக் குறிப்பிடுகிறவர்கள் உண்டு.

சைமன் வந்த வழி நம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டியது. 1980களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கட்டுரைகளின் தலைப்புக்குக் கீழே இருக்கும் முகவரி: இயற்பியல் துறை, அமெரிக்கன் கல்லூரி, மதுரை. பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தின் முகவரி இல்லை. இளநிலை மாணவர்கள் வந்து போகும் ஒரு கல்லூரியின் முகவரி. ஒரு கருவி ஒளியின் தளவிளைவைத் தெளிவாக மாற்றித் தருகிறதா, அல்லது கலைத்துக் குழப்பிவிடுகிறதா என்பதை அளவீட்டு எண்களைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது என்ற 1982ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த முகவரியிலிருந்து போனது. ஈ.சி.ஜி. சுதர்சனோடும் முகுந்தாவோடும் சேர்ந்து எழுதிய ஒளிக்கற்றைக் கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன.

சுதர்சன் கோட்டயத்துக்காரர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். லேசர் ஒளியைக் குவாண்டம் மொழியில் எழுத 1963இல் அவர் தந்த வழி இன்றைக்கும் குவாண்டம் ஒளியியலின் அடித்தளம். முகுந்தா ராச்செஸ்டரில் அவரிடம் முனைவர் பட்டம் பெற்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றியவர். ‘ரெசொனன்ஸ்’ என்ற அறிவியல் கல்வி இதழ் 1996இல் தொடங்கியபோது அதன் தலைமை ஆசிரியர். 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கிய சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்குச் சுதர்சன் 1984 முதல் சில ஆண்டுகள் இயக்குநராக இருந்தார். சைமனின் நீண்ட ஆய்வு வாழ்க்கை தரமணியில் உள்ள அந்த நிறுவனத்தில்தான் கழிந்தது. மூவரும் ஆய்வோடு கற்பித்தலையும் கைவிடாதவர்கள். வகுப்பில் ஒரு சமன்பாட்டை நான்கு விதமாக விளக்கிப் பழகியவர்கள் எழுதும்போது மட்டும் வரும் ஒரு தெளிவு அவர்களுடைய கட்டுரைகளில் உண்டு. இது என் சொந்தக் கணிப்பு. படித்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இந்த மூவருக்கும் முன்னோடி ஒருவர் இருக்கிறார். எஸ். பஞ்சரத்னம். சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். 1955இல், 21 வயதில், பெங்களூரில் ராமனின் நிறுவனத்தில் இருந்தபடி, பல நிறங்களுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் கால் அலைத் தகடு ஒன்றை வடிவமைத்தார். சாதாரணத் தகடு ஒரு நிறத்துக்குத்தான் சரியாகக் கால் அலை காட்டும். மூன்று தகடுகளைக் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்கினால் ஒன்றின் பிழையை மற்றது தின்றுவிடும் என்று அவர் கணக்கிட்டார். அவருக்கும் மூன்று தகடுகள்தாம். அடுத்த ஆண்டு இன்னும் ஆழமான ஒன்றைக் கண்டார்: ஒளியின் தளவிளைவைக் கோளத்தின் பரப்பில் ஒரு முக்கோணமாகச் சுற்றவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தால், ஒளி பழைய நிலைக்கு வந்துவிட்டாலும் அதன் கட்டம் மாறியிருக்கும். எவ்வளவு மாறும் என்றால், அந்த முக்கோணம் கோளத்தின் மையத்தில் அடைக்கும் கோணத்தில் பாதி.

வெளியுலகம் இதைக் கவனிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1984இல் பிரிட்டனின் மைக்கேல் பெர்ரி குவாண்டம் அமைப்புகளில் வடிவியல் கட்டம் என்ற ஒன்றைக் கண்டறிந்து புகழ்பெற்றார். எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில், இது பஞ்சரத்னம் 1956இலேயே சொன்னதுதான் என்று எடுத்துக்காட்டினார்கள். மறு ஆண்டு பெர்ரியே அதை விரிவாக எழுதி அங்கீகரித்தார். பஞ்சரத்னம் அப்போது உயிரோடு இல்லை. 1969இல் ஆக்ஸ்ஃபோர்டில், 35 வயதில் இறந்துபோயிருந்தார். 1988இல் சைமனும் சுதர்சனும் டெக்சாஸில் ஜெஃப் கிம்பிளோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். தகட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் இந்த வடிவியல் கட்டம் ஏறிக்கொண்டே போகும். விடாமல் ஏறும் கட்டம் ஒளியின் அதிர்வெண் மாற்றமாக வெளியே தெரிய வேண்டும். தெரிந்தது. பஞ்சரத்னத்தின் முக்கோணம் கையால் அளக்கக்கூடிய எண்ணாக மாறிய சோதனைகளில் இது ஒன்று.

பெங்களூரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. சித்தூரிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்த ஊரில் 1984 டிசம்பரில் நடந்த ஒரு கணினி மாநாட்டின் தொகுப்பில்தான் சார்லஸ் பென்னெட், ஜீல் பிராசார் இருவரின் கட்டுரை அச்சானது. குவாண்டம் ரகசியச் சாவி பரிமாற்றத்தின் தாய்க் கட்டுரை அது. பிபி84 என்ற பெயரில் இருக்கும் 84 அந்த ஆண்டுதான். வழிமுறை எளிமையானது: அனுப்புகிறவர் ஒவ்வொரு ஃபோட்டானையும் கிடைமட்டம், செங்குத்து, இரண்டு மூலைவிட்டங்கள் என்ற நான்கு தளவிளைவுகளில் ஒன்றில் வைத்து அனுப்புவார். வழியில் யாராவது ஒட்டுக்கேட்டால் ஃபோட்டானின் நிலை கலைந்து பிழைகள் கூடும். பிழைகளை எண்ணினால் திருடன் இருப்பது தெரிந்துவிடும். நடைமுறையில் ஒரு தொல்லை உண்டு. ஒளியிழை வளைந்தாலோ சூடேறினாலோ உள்ளே போகும் தளவிளைவு தாறுமாறாகச் சுழன்றுவிடும். திருடன் இல்லாமலே பிழை கூடும். மறுமுனையில் அந்தச் சுழற்சியைத் திருப்பிச் சுழற்றிச் சரிக்கட்டுவதற்கு நிற்கின்றன நம் மூன்று தகடுகள்.

சைமனின் பெயர் உலகெங்கும் அதிகம் ஒலிப்பது இன்னொரு கட்டுரைக்காக. 2000ஆம் ஆண்டு, ‘ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ்’. இரண்டு ஒளிக்கற்றைகள் குவாண்டம் முறையில் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருக்கின்றனவா என்பதை எப்படிச் சோதிப்பது? ஒற்றை ஃபோட்டான்களுக்குப் பெரெசும் ஹொரொடெக்கி குடும்பத்தாரும் 1996இல் ஒரு சோதனை தந்திருந்தார்கள். தொடர்ச்சியாக மாறும் அலைகளுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பது சைமனின் கேள்வி. அவர் கண்டது வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது: அந்தக் கணிதச் செயல், இரண்டு கற்றைகளில் ஒன்றை மட்டும் கண்ணாடியில் பிரதிபலிப்பதற்குச் சமம். ஒன்றின் உந்தத்துக்கு மட்டும் குறி மாற்றுங்கள். தனித்தனியாக இருக்கும் இரண்டு கற்றைகள் என்றால், மாற்றிய பிறகும் நிச்சயமின்மைக் கோட்பாட்டுக்கு உட்பட்டே இருக்கும். பின்னிப் பிணைந்தவை என்றால், இயற்கை அனுமதிக்காத ஒரு நிலை வந்து நிற்கும். அந்த முரண்தான் பிணைப்புக்குச் சாட்சி. காஸியன் நிலைகள் எனப்படும், ஆய்வகத்தில் அன்றாடம் உண்டாக்கும் ஒளிநிலைகளுக்கு இந்தச் சோதனை முழுமையானது, தவறாது. அதே இதழில், அதற்கு முந்தைய பக்கங்களில், ஐரோப்பியக் குழு ஒன்று வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தது. இரண்டு கட்டுரைகளையும் சேர்த்தே இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். கண்ணாடியில் முகம் பார்ப்பது போன்ற ஒரு படிமத்தில் இவ்வளவு பெரிய கேள்வி அடங்கியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

மீண்டும் ரயில் பாதைக்கு வருகிறேன். சந்திரகிரிக்கும் பாகாலாவுக்கும் பக்கம், திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் சாலையில் காதங்கி இருக்கிறது. தேசிய வளிமண்டல ஆய்வகம் அங்கே. 1,024 ஆன்டெனாக்கள் வயல் மாதிரி பரந்து நிற்கும் ரேடாரைப் பலரும் படத்தில் பார்த்திருப்பார்கள். அதைவிட இந்தக் கதைக்கு நெருக்கமானது 1998இல் ஜப்பானோடு சேர்ந்து அங்கே நிறுவிய லிடார். பச்சை லேசரை இரவு வானத்தில் நேராக எய்து, திரும்பி வரும் மங்கல் ஒளியைச் சேகரிப்பார்கள். திரும்பியது எய்த தளவிளைவிலேயே இருக்கிறதா, மாறிப் போயிருக்கிறதா என்று பிரித்து அளப்பார்கள். நீர்த்துளி அதைப் பெரிதாகக் கலைக்காது. பனிப்படிகம் கலைத்துவிடும். 10, 15 கிலோமீட்டர் உயரத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாத பனிமேகம் கிடப்பதை அப்படித்தான் அறிகிறார்கள். வானிலை ஆய்வு என்று நாம் தனிப் பெட்டியில் போட்டுவைப்பது, வேறொரு கோணத்தில், காற்றின் ஊடே தளவிளைவு எவ்வளவு பிழைத்து வருகிறது என்ற அளவீடுமாகும். மத்திய அரசின் தேசியக் குவாண்டம் மிஷன் செயற்கைக்கோள் வழியாக 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் பாதுகாப்பான குவாண்டம் தொடர்பை இலக்காக வைத்திருக்கிறது. அந்த ஃபோட்டான்கள் இறங்கிவரப் போவது இத்தகைய வானத்தின் வழியாகத்தான். ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவும் 2022இல் திருப்பதி மாவட்டத்துக்குள் வந்துவிட்டது.

திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954இலிருந்து இருக்கிறது. கண்ணாடிக்குள் கலந்த அரிமண் அயனிகளின் நிறமாலையை அதன் இயற்பியல் துறை பல பத்தாண்டுகளாக அளந்துவருகிறது. அன்றைக்கு அதற்குக் குவாண்டம் தொழில்நுட்பம் என்று பெயர் சூட்டியவர் இல்லை. படிகத்துக்குள் வைத்த அரிமண் அயனிகளில் குவாண்டம் நிலையைச் சேமித்துவைக்க முடியும் என்று உலகம் முயலும் இந்நாளில், அந்தப் பழைய நிறமாலைப் பயிற்சியின் மதிப்பு கூடியிருக்கிறது. ஏர்ப்பேட்டில் இப்போது இருக்கும் ஐஐடியும் ஐசரும் 2015இல் தொடங்கியவை. ஒன்றை வளர்த்துவிட்டது சென்னை ஐஐடி, மற்றதைப் புனே ஐசர்.

பணமும் வருகிறது. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசியக் குவாண்டம் மிஷனுக்கு 2030–31 வரை 6,003.65 கோடி ரூபாய். அமராவதியில் ஐபிஎம்மின் 156 க்யூபிட் கணினியோடு குவாண்டம் வேலி அமையும் என்று 2025இல் அறிவிப்பு வந்தது. பொறியியல் கல்லூரிகளில் குவாண்டம் தொழில்நுட்பத்தை இளநிலையிலேயே மைனர் பாடமாக எடுக்க 2024 டிசம்பரில் ஏஐசிடிஇ பாடத்திட்டம் வெளியிட்டது. இவற்றை வரவேற்கிறேன். என் கவலை மேசையைப் பற்றியது. அமராவதிக் கணினியைச் சித்தூர் மாணவி இணையம் வழியாக இயக்கலாம். திரையில் ஹாடமார்ட் என்ற கட்டத்தை இழுத்து வைத்தால் 0 என்பது 0, 1 இரண்டின் சமக் கலவையாகிவிடும். ஏன் ஆயிற்று என்பது அவளுக்குத் திரையில் தெரியாது. தெலுங்கில் பாடம் கேட்டு, வீட்டில் தமிழ் பேசி, இங்கிலீஷில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் ஏராளம். சொல் மூன்று மொழிகளில் சிதறும்போது கை தொட்டுப் பார்த்த பொருள் ஒன்றாவது உறுதியாக நிற்க வேண்டும்.

அந்தப் பொருளின் செலவு மிகக் குறைவு. சிவப்பு லேசர் பாயிண்டர் ஒன்று, போலராய்டு இரண்டு, தகடுகள் மூன்று, கோணம் குறித்த வட்டச் சட்டங்கள். ஒற்றை ஃபோட்டான் இல்லாமலே இதைத் தொடங்கலாம்; கோளமும் சுழற்சியும் சாதாரண ஒளிக்கும் ஃபோட்டானுக்கும் ஒன்றே. அளவீட்டில் சொடுக்குச் சொடுக்காக வரும் தனி ஃபோட்டானின் விந்தையை அடுத்த ஆண்டு காட்டிக்கொள்ளலாம். இந்த ரயில் பாதையில் இருக்கும் ஒவ்வொரு டிகிரி கல்லூரிக்கும் இப்படி ஒரு மேசையும், அதன் முன்னால் நின்று அவசரப்படாமல் விளக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும் வேண்டும் என்பதே என் கோரிக்கை. மதுரையில் ஒரு கல்லூரியில் அப்படி ஒருவர் இருந்தார்.

லேசருக்கு எதிரே முதல் போலராய்டைக் கிடைமட்டமாக நிறுத்துகிறோம். அது 0. எதிர்ப்புறத்தில் இரண்டாவது போலராய்டு செங்குத்தாக; சுவரில் ஒளி இல்லை. நடுவில் அரை அலைத் தகட்டை வைத்து, அதன் அச்சு கிடைமட்டத்தோடு 22.5 டிகிரி இருக்கும்படி மெல்லத் திருப்புகிறோம். உள்ளே போன கிடைமட்ட ஒளி 45 டிகிரியில் வெளியேறுகிறது. இரண்டாவது போலராய்டைச் செங்குத்தாக வைத்தாலும் கிடைமட்டமாக வைத்தாலும் சுவரில் விழும் சிவப்புப் புள்ளி ஒரே அளவு, சரிபாதி வெளிச்சத்தில் நிற்கிறது. மாணவி அந்தப் போலராய்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கலாம். திரையில் அவள் இழுத்து வைத்த ஹாடமார்ட் அந்த 22.5 டிகிரிதான்.